எல்லாப் பம்புகளும் 50 ஹெர்ட்ஸில் சுற்றிய வாரம்

"தம்பி, கேபிளை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. எர்த்தும் தனியாகக் கொடுத்துவிட்டேன். இந்த 50 மட்டும் போக மாட்டேன் என்கிறது. உங்கள் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்."

பம்ப் நிலையத்திலிருந்து பராமரிப்புப் பொறியாளர் இப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என் பக்கம் என்ன இருக்கப்போகிறது? சென்சார் கேபிளில் மின்சார இரைச்சல் ஏறினால் 50 ஹெர்ட்ஸில் ஒரு முகடு எழும்பி நிற்கும். இத்துறையில் கால் வைத்த முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் அது. ஆனால் ஒன்பது பம்புகளில் ஒன்பதும் அதே 50-ஐக் காட்டின. ஒன்பது கேபிளும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்ற கேள்விதான் இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

கோவையில், பம்புகளின் அதிர்வை அளந்து பேரிங் உடைவதற்கு முன்பே எச்சரிக்கும் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். அந்தப் பம்புகளின் மோட்டார்கள் இரண்டு துருவ மோட்டார்கள். பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 2850 சுற்று என்றிருக்கும். நொடிக்குக் கணக்கிட்டால் 47.5. நாங்கள் நொடிக்கு 10,240 அளவுகள் எடுத்து, 4096 அளவுகளை ஒரு கட்டாகச் சேர்த்து ஃபூரியர் உருமாற்றம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று பிரித்துக் காட்டும் கணக்கு) செய்தோம். அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 2.5 ஹெர்ட்ஸ். ஆக, 47.5 என்பது சுழியத்திலிருந்து எண்ணினால் 19-ஆவது இடம். ஒன்றிலிருந்து எண்ணினால் 20-ஆவது இடம். எங்கள் பழைய புரோகிராம் எழுதப்பட்டிருந்த மேட்லேப், ஒன்றிலிருந்து எண்ணும் கணினி மொழி. அதனால் பழைய புரோகிராமில் "(இடம் − 1) × 2.5" என்று இருந்தது. நான் அதை ஓகேமல் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். விடைகளை ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று, மிகப் பெரிய மதிப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் செயற்கூறை (ஃபங்ஷனை) மேட்லேப் பாணியிலேயே ஒன்றிலிருந்து எண்ணும்படி எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அதே கோப்பைத் திறந்தவன், "ஓகேமலில் எண்ணிக்கை சுழியத்திலிருந்துதானே தொடங்கும், இந்த −1 எதற்கு?" என்று அதைத் துடைத்துப் போட்டேன். 20 × 2.5 = 50.

விடை 45 என்றோ 52.5 என்றோ வந்திருந்தால் யாராவது ஒருவர் அன்றே சந்தேகப்பட்டிருப்பார். வந்ததோ 50. நம் ஊர் மின்சாரத்தின் அதிர்வெண். அதை எல்லோரும் நம்பினார்கள், நான் உட்பட. பாவம், அந்த அண்ணன் வெயிலில் மூன்று முறை கேபிள் இழுத்தார்.

அந்த −1-ஐத் திரும்பப் போட ஒரு நிமிடம் ஆனது. ஆனால் அன்றிலிருந்து இந்த மொழிமாற்ற வேலையைப் பற்றிய என் எண்ணம் அடியோடு மாறிவிட்டது. வேறு யாராவது இப்படி ஒரு வேலையில் இறங்கினால் கேபிள் இழுப்பவர்களுக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். புரோகிராமுக்குத் தமிழில் நிரல் என்கிறோம். பள்ளிக் கணக்கிலோ அணியின் குறுக்கு வரிசை நிரை, நெடுக்கு வரிசை நிரல். இந்தக் கட்டுரையில் இரண்டும் பக்கம் பக்கமாக வரும் என்பதால், புரோகிராமைப் புரோகிராம் என்றே விட்டுவிட்டு, நிரலைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பழைய மேட்லேப் புரோகிராம் சுமார் 1800 வரிகள். எங்களுடைய மூத்தவர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்து எழுதியது. அது அலுவலகக் கணினியில் ஓடியது. அதைப் பம்ப் நிலையத்தில் இருக்கும் சிறு பெட்டிக்குள், இரவு பகலாக ஓட வைக்க வேண்டும். அந்தப் பெட்டியின் மற்ற வேலைகள் எல்லாம் ஏற்கெனவே ஓகேமலில் எழுதப்பட்டிருந்தன. எனக்கு ஓகேமல் பழக்கம். மூன்று வாரம் போதும் என்றேன். நான்கு மாதம் ஆனது.

தொடங்கும்போது எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஓகேமல் 1996-இல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான மொழி. செயற்கூறுகளையே அடித்தளமாகக் கொண்ட ஃபங்ஷனல் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு மதிப்புக்கும் என்ன வகை என்று ஓட்டுவதற்கு முன்பே கறாராகச் சரிபார்க்கும். மேட்லேப்போ எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். ஆகவே தாறுமாறாகக் கிடக்கும் ஒன்றைச் சுத்தமான வீட்டுக்குக் குடிமாற்றுகிறோம் என்று நினைத்தேன். முதல் பெரிய அடி அங்கேதான் விழுந்தது.

மேட்லேப்பில் "ஆ = அ" என்று ஓர் அணியை இன்னொரு மாறிக்குக் கொடுத்துவிட்டு ஆ-வில் ஓர் எண்ணை மாற்றினால் அ மாறாது. ஒரு செயற்கூறுக்குள் அணியை அனுப்பி உள்ளே என்ன செய்தாலும் வெளியே இருக்கும் அணி பத்திரமாக இருக்கும். சாதாரண அணிகளைப் பொறுத்தவரை மேட்லேப் உண்மையில் மிகவும் ஒழுக்கமான மொழி. ஃபங்ஷனல் மொழிக்காரர்கள் மேடை போட்டுப் பேசும் குணம் அது. ஓகேமலில் பட்டியல்கள் அப்படித்தான் மாறாதவை. ஆனால் அதன் அணிகள் மாறக்கூடியவை. "ஆ = அ" என்று எழுதினால் இரண்டு பெயரும் ஒரே அணியைத்தான் சுட்டும்; ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். பழைய புரோகிராமில், சராசரியைக் கழிப்பதற்கு முன் மூல அளவுகளை ஒரு பெயரில் ஒதுக்கி வைக்கும் வரி ஒன்று இருந்தது. அதை அப்படியே எழுதினேன். அடுத்த வரியில் சராசரியைக் கழித்தவுடன் ஒதுக்கி வைத்ததிலும் கழிந்துவிட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மூன்று நிரை, நான்கு நிரல் கொண்ட சுழிய அணி வேண்டும். அரே.மேக் என்ற செயற்கூறால் நான்கு சுழியங்கள் கொண்ட ஒரு நிரையைச் செய்து, அதையே மறுபடி அரே.மேக்கிடம் கொடுத்து மூன்று கேட்டேன். அச்சிட்டுப் பார்த்தால் 3 × 4 அணி அழகாகத் தெரிந்தது. முதல் நிரையின் இரண்டாவது இடத்தில் 5 எழுதினேன். மூன்று நிரைகளிலும் இரண்டாவது இடம் 5 ஆனது. இருந்தது ஒரே நிரைதான். அதை மூன்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணி செய்வதற்கென்றே அரே.மேக்_மேட்ரிக்ஸ் என்று தனிச் செயற்கூறு இருக்கிறது. ஓகேமல் படிக்கும் எல்லோரும் ஒருமுறை இந்தக் குழியில் விழுவார்கள். நான் பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் விழுந்தேன். காரணம், என் கண் மேட்லேப்பைப் படித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். மேட்லேப்பிலிருந்து வரும் ஒவ்வொரு சமக்குறிக்கும், "இது பிரதியா, இன்னொரு பெயரா?" என்று கேட்பது. பின்னால் மாறும் அணி என்றால் பிரதி எடுப்பது. வேகம் குறையுமே என்ற கவலையை விடை சரியாக வரும் வரை தள்ளிப்போடுவது.

அடுத்தது, சொல்லாமல் விட்டவை. மேட்லேப்பை 1970-களின் இறுதியில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் எழுதினார். மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழியில் எழுதிச் சிரமப்படாமல் அணிக் கணக்கு நூலகங்களை (ஆயத்தச் செயற்கூறுத் தொகுப்புகளை) பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குவதும், அணியை நிரல் நிரலாக நினைவகத்தில் வைப்பதும் அந்த ஃபோர்ட்ரான் வீட்டுச் சீதனம். கணக்குப் போடுபவர் வாய் திறந்து சொல்லாத இடங்களில் எல்லாம் மேட்லேப் தானே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளும். அந்த முடிவுகள் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் அவை புரோகிராமில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. எழுதப்படாததை எப்படிப் பார்த்து எழுதுவது?

திட்ட விலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்லேப் அதைக் கணக்கிடும்போது, ஒன்றும் சொல்லாவிட்டால், எண்ணிக்கையிலிருந்து ஒன்று குறைத்து வகுக்கும். நான் ஓகேமலில் என் கையால் எழுதியது எண்ணிக்கையாலேயே வகுத்தது. 4096 அளவுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் எட்டு அளவுகளுக்கு மட்டும் திட்ட விலக்கம் எடுத்திருந்தார்கள். எட்டை ஏழால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.069. கிட்டத்தட்ட ஏழு சதவீதம் வித்தியாசம்.

சரி, பிழை பிடிபட்டது என்று என் செயற்கூறைத் திருத்தினேன். உடனே இன்னோர் இடம் கெட்டது. பேரிங்கில் சிறு பள்ளம் விழுந்தால் அதிர்வில் அவ்வப்போது ஓங்கி ஓர் அடி விழும். அப்படி அரிதாக வரும் பெரிய அடிகளை எடுத்துக்காட்டும் அளவுக்குக் குர்டோசிஸ் என்று பெயர். மேட்லேப்பின் குர்டோசிஸ், ஒன்றும் சொல்லாவிட்டால், உள்ளே எண்ணிக்கையாலேயே வகுக்கிறது; ஒன்றைக் குறைப்பதில்லை. சிலர் வழக்கமாகக் கழிக்கும் 3-ஐக் கழிப்பதும் இல்லை. நான் கெட்டிக்காரத்தனமாக, ஏற்கெனவே எழுதிய திட்ட விலக்கத்தையே இதற்கும் பயன்படுத்தியிருந்தேன். எட்டு அளவுகளில் எட்டில் ஏழின் வர்க்கம், அதாவது 0.766 மடங்காக விடை சுருங்கியது. ஒரே மொழியில், பக்கத்து வீட்டுக்காரர்கள் போல இருக்கும் இரண்டு செயற்கூறுகளின் வழக்கம் வேறு வேறு. இதைக் கையேட்டைப் படித்துத்தான் அறிய முடியும். அதற்குப் பிறகு பழைய புரோகிராமில் வரும் ஒவ்வொரு நூலகச் செயற்கூறின் கையேட்டுப் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அலுப்பான வேலை. நான்கு மாதத்தில் ஒரு மாதம் இதற்கே போனது. அந்த ஒரு மாதத்தில் எழுதியதில்தான் பின்னால் பிழை வரவில்லை.

சென்சார் கழன்றால் எண்ணுக்குப் பதில் "எண் அல்ல" என்ற மதிப்பு வரும். ஆங்கிலச் சுருக்கத்தில் "நான்" (NaN) என்று சொல்வார்கள். தமிழில் அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆகவே வெற்றுமதிப்பு என்கிறேன். மேட்லேப்பில் உச்ச மதிப்பைக் கேட்டால் வெற்றுமதிப்பை விட்டுவிட்டு மற்றவற்றில் பெரியதைத் தரும். வரிசைப்படுத்தினால் வெற்றுமதிப்புகளைக் கடைசியில் தள்ளும். ஓகேமலின் பொது ஒப்பீடு அதை எல்லா எண்களையும்விடச் சிறியதாக எடுத்துக்கொண்டு முன்னால் நிறுத்தும். இரண்டும் ஏறுவரிசைதான். ஆனால் "முதல் பத்தில் ஒரு பங்கை எடு" என்ற வரியில் ஒன்று உண்மையான அளவுகளை எடுக்கும். மற்றது வெற்றுமதிப்புகளை வாரிக்கொள்ளும். உச்சத்துக்கு ஓகேமலிலேயே இரண்டு செயற்கூறுகள் இருக்கின்றன. ஃப்ளோட்.மேக்ஸ், வெற்றுமதிப்பு ஒன்று இருந்தால் வெற்றுமதிப்பையே தரும். ஃப்ளோட்.மேக்ஸ்_நம் அதை ஒதுக்கிவிடும். மேட்லேப்புக்கு இணை இரண்டாவதுதான்.

வகுத்தல் மீதி இன்னொரு கண்ணி. −1-ஐ 8-ஆல் வகுத்த மீதியை மேட்லேப்பின் மாட் 7 என்று சொல்லும். ஓகேமலின் மாட் −1 என்று சொல்லும். வட்டமாகச் சுற்றும் ஒரு சேமிப்பு அணியில் ஓரடி பின்னால் போக இதைப் பயன்படுத்தியிருந்தார்கள். நல்ல வேளை, −1-ஆவது இடம் என்று ஒன்று இல்லாததால் ஓகேமல் உடனே கத்திவிட்டது. கத்தும் பிழைகளைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை.

பெயர்ப்பொருத்தம் பார்த்து ஏமாந்ததில் உச்சம் ஃபில்டர். வேலை தொடங்கிய முதல் நாள், ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் மேட்லேப் செயற்கூறுகள், வலப்பக்கம் அவற்றுக்கு ஓகேமலில் இணையானவை என்று எழுதிக்கொண்டு போனேன். ஃபில்டருக்கு எதிரே யோசிக்காமல் ஃபில்டர் என்று எழுதிவிட்டேன். ஓகேமலின் ஃபில்டர், பட்டியலில் நிபந்தனைக்குப் பொருந்துவதைப் பொறுக்கும் சல்லடை. மேட்லேப்பின் ஃபில்டர், சமிக்ஞையை மழுங்கவோ கூர்மையாக்கவோ செய்யும் எண்வழி வடிகட்டி. சல்லடையும் காபி வடிகட்டியும் ஒன்றாகிவிடுமா?

காபி வடிகட்டியைப் பெயர்ப்பதில்தான் ஃபங்ஷனல் மொழியின் அழகும் தெரிந்தது. எளிமையான வடிகட்டி ஒன்று: புதிய வெளியீடு என்பது பழைய வெளியீட்டின் 0.9 மடங்கும் புதிய உள்ளீட்டின் 0.1 மடங்கும் சேர்ந்தது. 10, 10, 10 என்று உள்ளே போனால் 1, 1.9, 2.71 என்று வெளியே வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு நினைவைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு விடையைக் கீழே வைத்துவிட்டு நடக்க வேண்டும். ஓகேமலில் இதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஃபோல்ட்_லெஃப்ட்_மேப் என்று ஒன்று இருக்கிறது. நினைவையும் விடையையும் ஒரு ஜோடியாகக் கேட்கும், கடைசி நினைவையும் எல்லா விடைகளையும் திருப்பித் தரும். கடைசி நினைவைப் பத்திரப்படுத்தி அடுத்த 4096-க்குக் கொடுத்தால் கட்டுகளுக்கு நடுவே தையல் தெரியாது. பழைய புரோகிராமில் அந்த நினைவை அடுத்த கட்டுக்குக் கடத்தவில்லை; ஒவ்வொரு கட்டின் தொடக்கத்திலும் ஒரு துள்ளல் இருந்தது. மூத்தவர் அதை மறைக்க முதல் 200 அளவுகளை வெட்டி எறிந்திருந்தார். அந்த 200 எதற்கு என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

வரிக்கு வரி பெயர்ப்பதை எங்கே கைவிட வேண்டும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். அதிர்வு எல்லை தாண்டிய இடங்களில் 1, மற்ற இடங்களில் 0 என்று ஓர் அணி இருக்கிறது: 0 0 1 1 1 0 1. தொடர்ச்சியாக 1 வரும் துண்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன? மேட்லேப்காரர்கள் இதற்கு மடக்கு (லூப்) எழுத மாட்டார்கள். இரண்டு முனையிலும் ஒரு 0 ஒட்டுவார்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுப்பார்கள். 0, 0, 1, 0, 0, −1, 1, −1 என்று வரும். 1 இருக்கும் இடங்கள் 3, 7: அவை தொடக்கங்கள். −1 இருக்கும் இடங்கள் 6, 8. ஒன்றைக் கழித்தால் 5, 7: அவை முடிவுகள். ஆக, 3 முதல் 5 வரை ஒரு துண்டு, 7-இல் தனியாக ஒன்று. ஒரே வரி. பார்க்கப் பார்க்க இன்பம்.

இதை நான் ஓகேமலில் அப்படியே எழுதினேன். பதினெட்டு வரி வந்தது. படிக்கச் சகிக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எனக்கு வேண்டியது என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறேன். ஒன்று துண்டுக்கு உள்ளே இருக்கிறேன், அல்லது வெளியே இருக்கிறேன். வெளியே இருக்கும்போது 1 வந்தால் தொடங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே போகிறேன். உள்ளே இருக்கும்போது 0 வந்தாலோ பட்டியல் தீர்ந்தாலோ துண்டை மூடுகிறேன். ஓகேமலின் வடிவப் பொருத்தத்தில் (பேட்டர்ன் மேட்சிங்) இது ஐந்து வரி. முனையில் 0 ஒட்டும் தந்திரம் தேவையே இல்லை. "பட்டியல் தீர்ந்தால்" என்ற வரியை நான் மறந்தபோது, "இந்த நிலையை நீ கவனிக்கவில்லை" என்று மொழியே சுட்டிக்காட்டியது.

இரண்டு உலகமும் அவ்வளவு தொலைவில் இல்லை என்பதும் வேலையின் நடுவில்தான் உறைத்தது. 1957-இல் ஐபிஎம்மில் முதல் ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்த குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ், 1977-இல் டூரிங் விருது பெற்றபோது, தான் வளர்த்த அந்தப் பாணியையே விமர்சித்து, செயற்கூறுகளைக் கோத்துப் புரோகிராம் எழுதும் வழியை முன்வைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இரண்டு வெக்டார்களின் உட்பெருக்கம். நிரை நிரல் மாற்று, எல்லாவற்றையும் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு என்று மூன்றே சொற்கள். இன்னொன்று, மேட்லேப்பின் ஃபூரியர் உருமாற்றத்துக்கு உள்ளே ஓடுவது எஃப்எஃப்டிடபிள்யூ என்ற நூலகம். எம்ஐடியில் மட்டேயோ ஃப்ரிகோ, ஸ்டீவன் ஜான்சன் என்ற இருவர் உருவாக்கியது. அதன் மையமான சி மொழித் துண்டுகளை மனிதர் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஒரு புரோகிராம் எழுதித் தள்ளுகிறது. அந்தப் புரோகிராம் எழுதப்பட்ட மொழி ஓகேமல். நான் மேட்லேப்பிலிருந்து ஓகேமலுக்குப் பாடுபட்டு மாற்றிக்கொண்டிருந்த உருமாற்றம், பிறந்த வீட்டுக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் நூலகத்தை நேரடியாக அழைக்கும்போது ஓர் எச்சரிக்கை: போய்த் திரும்பினால் எண்கள் 4096 மடங்காக வீங்கியிருக்கும். திரும்பும் உருமாற்றத்தில் எண்ணிக்கையால் வகுப்பது மேட்லேப் நமக்குச் சொல்லாமல் செய்யும் உபகாரம்; நூலகம் அதைச் செய்யாது.

மூன்று சென்சார், ஒவ்வொன்றிலும் 4096 அளவு என்று இருக்கும் அணியை மேட்லேப்பிலிருந்து நேராக வட்டில் எழுதி ஓகேமலில் வாசித்தபோது மூன்று சென்சாரின் அளவுகளும் சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல வந்தன. ஒன்று நிரல் வாரியாக எழுதுகிறது, மற்றது நிரை வாரியாக வாசிக்கிறது. சுட்டெண்களைத் தலைகீழாக்கிப் போராடிய பிறகுதான் ஓகேமலின் பிக்அரே என்ற பெரிய அணி வகையில் ஃபோர்ட்ரான் அமைப்பு என்று ஒரு தேர்வு இருப்பது தெரிந்தது. அதைச் சொன்னால் நிரல் வாரியாகவே வைக்கும். எண்ணிக்கையும் ஒன்றிலிருந்தே தொடங்கும். அதை முதல் நாளே எடுத்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் கதையே நடந்திருக்காது.

விடைகளை ஒப்பிடுவது தனிக் கலை. மேட்லேப்பின் ஒவ்வோர் இடைநிலை மாறியையும் கோப்பில் எழுதிவைத்து, ஓகேமல் விடையோடு படிப்படியாக ஒத்துப்பார்ப்பதுதான் முறை. கடைசி விடையை மட்டும் ஒப்பிட்டால் எங்கே கெட்டது என்று தெரியாது. இதில் எனக்கு ஒரு வாரம் வீணானது. ஐந்து இலக்கம் வரை எல்லாம் ஒத்துப்போகும், ஆறாவதில் பிரியும். எதைத் திருத்தினாலும் ஆறாவதில் பிரியும். கடைசியில் பார்த்தால், கோப்பு எழுத நான் பயன்படுத்திய பழைய சிஎஸ்வி செயற்கூறு ஐந்து முக்கிய இலக்கங்களுக்கு மேல் எழுதுவதே இல்லை. அளவுகோலே தேய்ந்துபோயிருந்தது. இரட்டைத் துல்லிய எண் ஒன்றை இழப்பின்றி எழுத்தில் வைக்க 17 முக்கிய இலக்கங்கள் வேண்டும். அப்படி எழுதிய பிறகு ஒப்பீடு சட்டென்று தெளிந்தது.

அதன் பிறகும் கடைசி இலக்கத்தில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் நின்றன. அவற்றைத் துரத்தக் கூடாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டிப் பிறகு 0.3-ஐச் சேர்த்தால் கணினி 0.6000000000000001 என்கிறது; 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டினால் 0.6. மேட்லேப்பின் கூட்டல் எந்த வரிசையில் நடக்கிறது என்பது நம் கையில் இல்லை. ஓகேமலில் நாம் எழுதும் ஃபோல்டின் வரிசை நம் கையில் இருக்கிறது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வேலை முடியாது. பத்துக் கோடியில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்வது என்று எழுதிவைத்துவிட்டு நகர்ந்தேன்.

எதிர்த்திசைப் பயணமும் ஒருமுறை வாய்த்தது. இன்னொரு குழு ஹாஸ்கெல் என்ற வேறொரு ஃபங்ஷனல் மொழியில் எழுதிய ஒரு சிறு கணிப்பை, ஆராய்ச்சிப் பிரிவினர் படித்துப் பார்க்க மேட்லேப்பில் கேட்டார்கள். அளவில் சிறியது, பத்து நாளில் முடிந்தது. முடிவில்லாத பட்டியலைச் செய்து அதில் வேண்டிய மட்டும் எடுக்கும் ஹாஸ்கெல் வழக்கம் மேட்லேப்பில் சாதாரண வைல் மடக்கானது. செயற்கூறு தன்னையே அழைக்கும் தற்சுழற்சியை அப்படியே வைத்துப் பார்த்தேன். ஐநூறு ஆழத்தில் மேட்லேப் போதும் என்றது. "மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று ஹாஸ்கெல் வகையிலேயே எழுதியிருந்ததை வெற்றுமதிப்பாக மாற்ற வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாததைக் கவனிக்கும்படி நம்மை வற்புறுத்தும் ஒன்றை, கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய ஒன்றாக மாற்றுகிறோம்.

அங்கேயும் அமைதியாக இருந்த பிழை ஒன்றுதான். இரண்டு முழு எண்களின் சராசரியை முழு எண்ணாக்கும் வரி. 2.5-ஐ ஹாஸ்கெல் 2 என்று முழுமையாக்கும், 3.5-ஐ 4 என்று. நடுவில் நின்றால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். மேட்லேப் இரண்டையும் மேலே தள்ளி 3, 4 என்று தரும். முழு எண் ஜோடிகளின் சராசரியில் சரிபாதி அரையில்தான் முடியும். ஆக, மேட்லேப் வடிவத்தின் விடைகள் சராசரியாகக் கால் பங்கு மேலே ஏறியிருந்தன. முழுமையாக்கும்போது இரட்டைப்படைக்குப் போகச் சொல்லும் தேர்வு புதிய மேட்லேப்பில் இருக்கிறது; அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பம்புக்குத் திரும்புகிறேன். எல்லாம் திருத்திய பிறகு பழையதையும் புதியதையும் இரவுதோறும் ஒரே பதிவுகளின் மேல் ஓட்டி, விடை வேறுபடும் இடங்களை மட்டும் காலையில் பார்த்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரே வகை வேறுபாடுதான் மிச்சம். சில நாள்களில் பழையது எச்சரிக்கை தந்தது, புதியது தரவில்லை. வழக்கம்போல என் மேல்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் தேடினேன். வேறுபட்ட எல்லாப் பதிவுகளிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: அந்தக் கட்டில் எல்லை தாண்டிய நிகழ்வு சரியாக ஒன்றுதான்.

நிகழ்வுக்கு ஒரு நிரை, சென்சாருக்கு ஒரு நிரல் என்று மூன்று நிரல் அணி. அதைக் கூட்டச் சொன்னால் மேட்லேப் நிரல் நிரலாகக் கூட்டி, சென்சாருக்கு ஒன்றாக மூன்று விடை தரும். ஆனால் நிரை ஒன்றே ஒன்று இருந்தால், இது அணி இல்லை, வெறும் வெக்டார் என்று எடுத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிவிடும். அந்த ஒற்றை எண்ணை மூன்று எல்லைகளோடும் ஒப்பிட, மேட்லேப் மறுபேச்சில்லாமல் ஒப்பிட்டது. மூன்று சென்சாரின் கூட்டுத்தொகை தனி எல்லையைத் தாண்டாமல் என்ன செய்யும்? என் ஓகேமல் செயற்கூறு எப்போதும் மூன்று விடைதான் தரும். அதற்கு வேறு வழி தெரியாது.

பழைய பிழையை உடனே திருத்தவில்லை. முதலில் ஓகேமலிலும் அதே பிழையைத் தெரிந்தே எழுதி, எல்லா இரவுகளிலும் விடை ஒத்துப்போவதை உறுதிசெய்துகொண்டேன். அதற்குப் பிறகுதான், ஓய்வு பெற்றிருந்த அந்த மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "மழைக்காலத்தில் மட்டும் பொய் எச்சரிக்கை வருகிறது என்று பல வருஷம் ஈரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் தம்பி," என்றார். மழைக்காலத்தில் பம்புகள் குறைவாக ஓடும். நிகழ்வுகளும் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

மேட்லேப்பில் அந்த வரியைத் திருத்த, எப்போதும் நிரல் வாரியாகவே கூட்டு என்று சொல்ல, அடைப்புக்குறிக்குள் ஒரு காற்புள்ளியும் ஒரு 1-உம் சேர்த்தால் போதுமாக இருந்தது.